கியா பார்ம் வழியாகக் கோலாலம்பூர்

கொர்னேலியஸ் ஓடிய காலத்தில் அவன் போன திசையிலேயே தேயிலைச் செடிகள் சாய்ந்துவிட்டன; இன்றுவரை நிமிரவில்லை. தொழிலாளர் லயத்துக் கோழியொன்று அவன் காலடிச் சத்தத்தில் பயந்து முட்டையிட்டதாகவும், அந்த முட்டை தரையைத் தொடுவதற்குள் அவன் ஆலையைத் தாண்டிப் போய்விட்டதாகவும் சொல்வார்கள். சரி, செடிகள் சாய்ந்தது காற்றால். முட்டைக் கதையிலும் பாதியைத் தள்ளிவிடலாம். ஆனால் கோழி இருந்தது உண்மை, அவன் ஓடியதும் உண்மை. மலேசியாவின் கேமரன் மலையில், கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கும் அந்த எஸ்டேட்டில், மே தின விளையாட்டுப் போட்டி என்றால் மற்றவர்கள் பார்த்ததெல்லாம் கொர்னேலியஸின் முதுகைத்தான்.

இப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வேன் ஓட்டுகிறான். வளைவில் திருப்பும்போது ஸ்டீயரிங் வயிற்றில் உரசுகிறது. ஓட்டம் போய்விட்டது, ஓடிய பேச்சு மட்டும் போகவில்லை.

அந்த எஸ்டேட்டில் ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைப்பதற்கு ஒரு முறை உண்டு. மலையில் சமதளம் என்று இருப்பது ஆலைக்கு முன்னால் உள்ள முற்றம் ஒன்றுதான். மே தினமானாலும் முந்தின நாள் வெட்டிய இலை காத்திருக்காது; உள்ளே இலை உருட்டும் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். விசில் ஊதினால் ஊதியவருக்கே கேட்காது. அதனால் எஸ்டேட்டுக் கணக்கெழுதும் கிராணி ஒரு வெள்ளைக் கைக்குட்டையை முழங்காலருகே பிடித்துக்கொண்டு நிற்பார். கை மேலே போனதும் ஓட வேண்டும். மற்ற ஊர்ப் பிள்ளைகள் காதால் புறப்படுவார்கள். இந்த எஸ்டேட்டுப் பிள்ளைகள் கண்ணால் புறப்பட்டார்கள்.

மாவட்டப் போட்டியில் விசில் ஊதியவர் முதுகுக்குப் பின்னால் நின்றார். பார்க்க முடியாததால் கொர்னேலியஸ் கேட்டுத் தொலைத்தான், ஜெயித்தான், பத்திரிகையில் படமும் வந்தது. அடுத்தது குவாந்தானில் மாநிலப் போட்டி. அங்கே சிவப்புக் கோட்டுப் போட்ட ஒருவர் பக்கவாட்டில், கண்ணுக்கு நேராக, துப்பாக்கியோடு நின்றார். கை மேலே போனது. கொர்னேலியஸும் போனான். திரும்பி வரச் சொன்னார்கள். மறுபடியும் கை மேலே போனது. மறுபடியும் இவன் போனான். இரண்டாம் தடவை திரும்பி வரச் சொல்லவில்லை. வெளியே போகச் சொன்னார்கள். அந்தத் துப்பாக்கி வெடித்த சத்தத்தை அவன் கேட்டபோது, பார்வையாளர் படிக்கட்டில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"குவாந்தான்காரனுங்களுக்கு வயித்தெரிச்சல்" என்று ஊருக்கு வந்து சொன்னான். ஊரும் நம்பியது. கை எழும்பினால் ஓடாமல் பின்னே என்ன செய்வார்களாம்?

ஓடித் தோற்றவனுக்குப் பேச ஒன்றுமில்லை. ஓடாமல் தோற்றவனுக்கு ஒரு சௌகரியம் உண்டு: ஓடியிருந்தால் ஜெயித்திருப்பேன் என்று சாகும்வரை சொல்லிக்கொள்ளலாம். அந்தச் சௌகரியத்தில் கொர்னேலியஸ் இருபது வருடம் நன்றாகவே வாழ்ந்தான். கம்போங் ராஜாவில் நசுருதீன் பாயின் சாப்பாட்டுக் கடைச் சுவரில், கல்லாவுக்கு மேலே, அவன் பத்திரிகைப் படம் சட்டம் போட்டுத் தொங்கியது. புதிதாக வருகிற லோரிக்காரர்களிடம் பாயே கை நீட்டிக் காட்டுவார்: "நம்ம ஆளுதான். காத்து!"

பிறகு எட்ரியன் வந்தான்.

எட்ரியன் அடுத்த வீட்டுத் தெரசம்மாளின் கடைசிப் பையன். ஒன்றுவிட்ட உறவில் கொர்னேலியஸுக்குத் தம்பி முறை. மூக்கொழுகிக்கொண்டு வேனில் பின்சீட்டில் உட்கார்ந்து வந்த பயல். பதின்மூன்று வயதில் கோலாலம்பூர் விளையாட்டுப் பள்ளிக்கு எடுத்துக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு அவன் வந்ததில்லை, அவனைப் பற்றிய செய்திகள்தான் வந்தன. ஒவ்வொரு செய்தியும் கொர்னேலியஸின் நெஞ்சில் ஒரு முள்ளாக இறங்கியது. ஒருநாள் காலை தே தாரிக் டீ குடிக்கப் போனால், கல்லாவுக்கு மேலே ஆளுயரத்தில் எட்ரியன் சிரித்துக்கொண்டிருக்கிறான்.

"பாய், என் படம் எங்க?"

"இருக்குலா. பெட்டிப் பக்கத்துல வெச்சிருக்கேன். தம்பி படம் கொஞ்சம் பெருசு, இடம் பத்தல."

கொர்னேலியஸ் எட்டிப் பார்த்தான். "ஐஸ் பெட்டிக்குப் பக்கத்துல இல்ல பாய், பின்னால இருக்கு."

"குளுகுளுன்னு இருக்கட்டும்பா" என்றார் பாய். கடையே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்று குடித்த தே தாரிக் மூன்று நாள் நெஞ்சில் புளித்தது.

அந்த ஆண்டு கோலாலம்பூரில் இளையோருக்கான அனைத்துலகத் தடகளப் போட்டி நடந்தது. எட்ரியன் நூறு மீட்டரில் ஓடினான். வெள்ளிக்கிழமை முதல் சுற்றையும் அரையிறுதியையும் தாண்டிவிட்டான் என்று செய்தி வந்தபோது, எஸ்டேட்டில் யாரோ பட்டாசே வெடித்தார்கள். கொர்னேலியஸ் சன்னலைச் சாத்தினான்.

"ஏங்க, வேர்க்குதுன்னு இப்பதான தொறந்தீங்க?" என்றாள் அவன் மனைவி ஃபியோனா.

"இப்ப குளுருது."

"கேமரன்ல குளுராம! ஆனா உங்களுக்கு மட்டும்தான் பட்டாசு சத்தத்துல குளுருது."

அப்போதுதான் தெரசம்மாள் வாசலில் வந்து நின்றாள். தேயிலை ஆலையில் பொட்டலம் கட்டும் வேலை. வேலை முடிந்த கையோடு வந்திருந்தாள். முந்தானையில் தேயிலைத் தூள் ஒட்டியிருந்தது.

"கொர்னேலி, நாளைக்கு ஸ்கூல் லீவு. உன் வேன் சும்மாதான நிக்கும்?"

"சும்மா நிக்கும் பெரியம்மா. ஏன்?"

"சாயங்காலம் ஆறு மணிக்கு ஃபைனலாம். என்னைக் கேஎல்லுக்குக் கூட்டிட்டுப் போடா. அவன் ஓடி நான் பாத்ததே இல்ல. இங்க ஓடுனப்ப எனக்கு ஷிஃப்டு. அங்க ஓடுனப்ப எனக்கு வாந்தி. மலை எறங்குற தாப்பா ரோட்டு வளைவு தாண்டுறதுக்குள்ள உசுரு போயிரும். போன்ல படம் அனுப்புறான், நின்னுக்கிட்டு இருக்கிற படம். நின்னுக்கிட்டு இருக்கிறத நான் வீட்டுலயே பாத்திருக்கேன்."

மாட்டேன் என்றால் ஊர் சிரிக்கும். சரி என்றால் வயிறு எரியும். ஊர் சிரிப்பதைவிட வயிறு எரிவது வெளியே தெரியாது என்று கணக்குப் போட்டு, "அதுக்கென்ன பெரியம்மா, போலாம்" என்றான். சொன்ன வாய் சிரித்தது. பல் மட்டும் கடித்துக்கொண்டிருந்தது.

இரவெல்லாம் அவனுக்கு ஒரே காட்சிதான். பெரிய அரங்கம். எட்ரியன் முதலாவதாக வருகிறான். தெரசம்மாள் அழுகிறாள். சுற்றியிருப்பவர்கள் எழுந்து நிற்கிறார்கள். நடுவில் கொர்னேலியஸும் எழுந்து நின்று இரண்டு கையையும் தட்ட வேண்டும். பிள்ளை தோற்க வேண்டும் என்றுகூட அவன் வேண்டிக்கொள்ளவில்லை; அந்தக் கைதட்டும் இடத்தில் தான் இருக்கக் கூடாது என்றுதான் வேண்டிக்கொண்டான். விடியும் நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. மழைச் சத்தத்தில் அவனுக்கு ஒரு வழி தெரிந்தது.

காலையில் வேனைக் கழுவினான். டயருக்குக் காற்று அடித்தான். கண்ணாடியைத் துடைத்தான்; துடைத்ததையே மறுபடி துடைத்தான். புதுச் செருப்பும் கம்பளிச் சட்டையும் போட்டு, கையில் எலுமிச்சம்பழமும் மடியில் முறுக்கு டின்னுமாகத் தெரசம்மாள் காலையிலேயே வேனில் ஏறி உட்கார்ந்திருந்தாள். நண்பகல் தாண்டித்தான் புறப்பட்டார்கள்.

கம்போங் ராஜாவில் ரோடு பிரிகிறது. ஒரு பக்கம் சிம்பாங் பூலாய் வழியாக நெடுஞ்சாலைக்கு இறங்கும் ரோடு. அகலமானது, வளைவு குறைந்தது. மறுபக்கம் திரிங்காப், கியா பார்ம், பிரிஞ்சாங் என்று மலையைச் சுற்றிக்கொண்டு தாப்பாவுக்கு இறங்கும் பழைய ரோடு. பள்ளி விடுமுறையில், அதுவும் சனிக்கிழமையில், ஸ்ட்ராபெரி வாங்க வருகிற வெளியூர்க் கார்கள் கியா பார்மில் எறும்புச் சாரை மாதிரி நிற்கும். அந்த நாளில் அந்த வழியே போகக் கூடாது என்பது இந்த மலையில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும். கொர்னேலியஸ் கியா பார்ம் பக்கம் திருப்பினான்.

"ஏங்க! இந்தப் பக்கமா?" என்றாள் ஃபியோனா.

"சிம்பாங் பூலாய் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சாம். ராத்திரி மழை பாத்தீல்ல."

"யாரு சொன்னா?"

"ஒரு லோரிக்காரன்."

"எந்த லோரிக்காரன்?"

"பேரு, ஊரு, ஐசி கார்டு நம்பரெல்லாம் கேட்டு வெச்சுக்கணுமா?"

"விடும்மா" என்றாள் தெரசம்மாள் பின்சீட்டிலிருந்து. "வண்டி ஓட்டுறவனுக்குத் தெரியாததா நமக்குத் தெரியப் போவுது?"

அந்த நம்பிக்கை அவன் பிடரியில் ஈரத் துணி மாதிரி ஒட்டிக்கொண்டது.

திரிங்காப் தாண்டும்வரை வேன் ஓடியது. அதற்குப் பிறகு நடந்தது. அதற்குப் பிறகு நின்றது. முன்னாலும் பின்னாலும் கார்கள். பக்கத்துக் காரில் ஒரு குடும்பம், ஆளுக்கொரு ஸ்ட்ராபெரித் தொப்பியோடு, தூங்கிவிட்டிருந்தது. தெரசம்மாள் எலுமிச்சம்பழத்தை மோந்து பார்த்தாள். ஓடாத வண்டியில் வாந்தி வருவதற்கு வழியில்லை என்று கண்டு அதை மடியில் வைத்தாள்.

"கேஎல் இன்னும் எவ்வளவு தூரம்டா?"

"கொஞ்சம்தான் பெரியம்மா."

பகல் மங்கத் தொடங்கியது. வேன் மூன்று கடைகளின் நீளத்துக்கு நகர்ந்திருந்தது. கொர்னேலியஸுக்கு நினைத்தது நடந்துவிட்டது. நடந்த பிறகு அது இனிக்கும் என்று நினைத்திருந்தான். கண்ணாடியில் பார்த்தால் தெரசம்மாள் புதுச் செருப்புக் காலை ஒன்றோடொன்று சேர்த்து, மாதாகோயில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் போல நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள்.

அந்த நேரம் பார்த்து, நின்றிருந்த கார்களின் இடையே அவித்த சோளம் விற்றுக்கொண்டு பீவி வந்தாள். நசுருதீன் பாயின் தங்கை. மேட்டுக்கு மேலே அவளுக்குச் சொந்தமாக ஒரு கடை இருந்தது.

"தெரசம்மாக்கா! நீ இங்க என்ன பண்றே? இன்னிக்குத் தம்பி ஃபைனலாச்சே!"

"அங்கதான் போறோம் பீவி. சிம்பாங் பூலாய் பக்கம் மண்ணு சரிஞ்சிருச்சு, அதான் இப்படி."

"மண்ணா? நம்ம பக்கத்துக் கடை அக்மல் அந்த ரோட்டுலதான் இப்ப ஈப்போவுலேருந்து வந்தான். ஒரு கல்லுகூட விழலக்கா. ரோடு பளபளன்னு இருக்குன்னு சொன்னான்."

ஃபியோனா புருஷனைப் பார்க்காமல் சன்னலுக்கு வெளியே பார்த்தாள். தெரசம்மாள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். திட்டியிருந்தால் திருப்பிச் சொல்ல அவனிடம் நான்கு பதில் தயாராக இருந்தது. அவள், "ஏன்டா?" என்று மட்டும் கேட்டாள்.

"போன்ல பாப்போம் பெரியம்மா" என்றாள் ஃபியோனா. போனில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. அத்தனை வெளியூர்க்காரர்களும் ஒரே நேரத்தில் ஸ்ட்ராபெரிப் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் லைன் எங்கே கிடைக்கும்?

"என் கடையில டிவி ஓடுதுலா!" என்றாள் பீவி. "மேல, அந்த வளைவுக்கு அந்தப் பக்கம். ஓடுக்கா, இப்ப ஆரம்பிச்சிருவான்."

தெரசம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். இரண்டடி வைத்தவள் திரும்பினாள்.

"நீயும் வா."

"நானா பெரியம்மா?"

"எனக்கு ரேஸ் பாக்கத் தெரியாது. யாரு எவன், எங்க பாக்கணும்னு சொல்ல ஒரு ஆளு வேணும். எறங்குடா!"

ஃபியோனா நகர்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். கொர்னேலியஸ் இறங்கினான். கையோடு கை கோத்துக்கொண்டு இருவரும் மேட்டில் ஓடினார்கள். யார் முன்னால், யார் பின்னால் என்று பார்க்க வழியில் நின்றவர்களுக்கு அவகாசம் கிடைக்கவில்லை. முறுக்கு டின் கடகடவென்று அதிர்ந்ததும், ஒரு சீனக் கிழவர் தன் முட்டைக்கோசு வண்டியை அவசரமாகப் பின்னுக்கு இழுத்துக்கொண்டதும்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது.

கடையில் கூட்டம். டிவியில் எட்டுப் பையன்கள் கோட்டுக்குப் பின்னால் கைகளை உதறிக்கொண்டிருந்தார்கள்.

"எங்க? எங்க?" என்றாள் தெரசம்மாள்.

"அதோ... அஞ்சாவது..." கொர்னேலியஸுக்கு மூச்சு நுழைய இடமில்லை. "மஞ்ச... சட்ட."

பையன்கள் குனிந்தார்கள். திரையின் ஓரத்தில் சிவப்புக் கோட்டு ஒன்று தெரிந்தது. அதைக் கண்டதும் கொர்னேலியஸின் தொடை நரம்பு தானாக இறுகியது. கோட்டுக்காரரின் கை மெல்ல மேலே போனது. அவன் மனதுக்குள், தான் என்ன சொல்கிறோம் என்று தெரிவதற்கு முன்பே சொல்லிவிட்டான்: எழும்பு. இப்பவே எழும்பு. நானும் எழும்புனேன்ல, நீயும் எழும்பு.

ஒருவன் எழும்பினான்.

கொர்னேலியஸுக்குள் ஏதோ ஒன்று துள்ளியது. சந்தோஷம்தான், வேறு பெயர் வைத்துப் பயனில்லை. ஆனால் எழும்பியவன் மஞ்சள் சட்டை இல்லை, அதற்குப் பக்கத்துப் பையன். எந்த நாட்டவனோ, ஒல்லியாக, காது பெரிதாக. சிவப்பு அட்டையைக் காட்டினார்கள். அவன் இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டு, சொன்னது தன்னையா என்று சுற்றுமுற்றும் பார்த்தான். பிறகு திரையின் விளிம்பை நோக்கி நடந்தான். கேமரா அவனை விட்டுவிட்டது. கடையில் இருந்தவர்களும் விட்டுவிட்டார்கள். கொர்னேலியஸின் கண் மட்டும் அவன் போன மூலையிலேயே நின்றது. அங்கே ஒரு படிக்கட்டு இருக்கும், சப்பாத்தைக் கழற்ற.

மறுபடி குனிந்தார்கள். இந்தத் தடவை எட்ரியனை அருகில் காட்டினார்கள். தலை கவிழ்ந்திருந்தது. கோட்டுக்காரரின் கை மேலே போனது; அவன் பார்க்கவேயில்லை. அந்தக் குனிந்த தலையைக் கண்டபோதுதான் கொர்னேலியஸுக்கு வந்ததிலேயே பெரிய பொறாமை வந்தது. பையனின் காலையோ மூச்சையோ கண்டு வந்ததல்ல. யாரோ அவனுக்குக் கையைப் பார்க்காதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். தனக்கு யாரும் சொல்லவில்லை.

வெடித்தது. கடை முழுக்கக் கத்தியது. பத்து விநாடிதான், அதற்குள் தெரசம்மாள் கொர்னேலியஸின் முழங்கையை நசுக்கிவிட்டாள். முன்னே மூன்று பேர், அடுத்தது மஞ்சள் சட்டை.

"நாலாவது" என்றான் கொர்னேலியஸ். "பதக்கம் மூணு பேருக்குத்தான்." சொல்லும்போது நாக்கில் லேசாகத் தேன் தடவியது போலத்தான் இருந்தது.

தெரசம்மாள் அதைக் காதில் வாங்கவில்லை. "கீழ விழலயே?"

"விழல பெரியம்மா."

"நல்லா ஓடுனானா? எனக்கு ஒண்ணும் தெரியல, கண்ணுல தண்ணி. நீ சொல்லு. உனக்குத்தான் அது தெரியும்."

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் அவன் பக்கம் திரும்பினார்கள். அவன் சொல்வதற்காக ஒரு கூட்டம் காத்திருந்து எத்தனையோ காலமாகிவிட்டது. தொடக்கத்தில் பையன் பிந்திவிட்டான். அது உண்மை, அதைச் சொல்லிவிட்டு நிறுத்தியிருக்கலாம்.

"தொடக்கத்துல கொஞ்சம் பிந்திட்டான்" என்றான். தொண்டையைக் கனைத்தான். "அப்புறம்... கடைசிப் பாதி ஓடுனான் பாருங்க, அந்த மாதிரி ஓட எனக்கு என்னைக்குமே வந்ததில்ல பெரியம்மா." கடைவாய்ப் பல்லைப் பிடுங்குவது அதைவிடச் சுலபமாக இருந்திருக்கும்.

"அது எனக்குத் தெரியும்டா" என்றாள் தெரசம்மாள். "அவன் எப்படி ஓடுனான்னுதான் கேட்டேன்."

திரும்பி வரும் வழியில் அவள் முறுக்கு டின்னைத் திறந்து ஆளுக்கு இரண்டு கொடுத்தாள். மண்சரிவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. கொர்னேலியஸ் முறுக்கைக் கடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு ஓட்டினான். அந்த நாளைப் பற்றி வீட்டில் அவனிடம் பேசுவதை ஃபியோனாவும் விட்டுவிட்டாள். அவளுடைய பேச்சைவிட அது மோசமாக இருந்தது.

அடுத்த வாரம் எட்ரியன் ஊருக்கு வந்தான். நசுருதீன் பாய் கடையில் இரண்டு மேசையை ஒன்றாகப் போட்டார்கள். ஆளுயரப் படத்துக்குக் கீழே ஆளே உட்கார்ந்து ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தான். கடைக்குள் வருகிறவர்களெல்லாம் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தட்டும் கொர்னேலியஸின் தோளில் விழாமல் போனதை அவன் ஒவ்வொன்றாக உணர்ந்தான். பாய் கொண்டுவந்து வைத்த தே தாரிக்குக்கூட, எட்ரியனின் குவளையில் நுரை கூடுதலாகத் தெரிந்தது.

திடீரென்று எட்ரியன் நிமிர்ந்தான்.

"அண்ணே, அன்னிக்கு ஏன் அம்மாவ ஸ்டேடியத்துக்குக் கூட்டிட்டு வரல? வருவாங்கன்னு சொன்னாங்க. ஓடுறதுக்கு முன்ன மேல பாத்துக்கிட்டே இருந்தேன். எல்லார் அம்மாவும் இருந்தாங்க."

ஃபியோனா தன் குவளைக்குள் பார்த்தாள். தெரசம்மாள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. பீவி கடையில் நடந்தது கம்போங் ராஜாவுக்குள் இன்னும் முழுதாக வந்து சேரவில்லை. உண்மை தெரிந்தவர்கள் அந்த மேசையில் மூன்றே பேர். அதில் ஒருவன் கொர்னேலியஸ்.

"அது வந்து தம்பி..." என்றான். தே தாரிக்கை ஒரு மடக்குக் குடித்தான். "சிம்பாங் பூலாய் ரோட்டுல மண்ணு சரிஞ்சிருச்சு. ராத்திரி அப்படி மழை. வேற வழியில்லாம கியா பார்ம் பக்கமா போனோம். அங்க பாத்தா காரு ஜேம்."

யாரும் மறுக்கவில்லை. அவன் மேலே மேலே பேசினான். பேசப் பேசக் குரல் ஏறியது.

"ஆனா விடல தம்பி நான். வேன நடுரோட்டுலயே போட்டேன். உங்கம்மா கையப் புடிச்சேன். அந்த மேட்டுல, அத்தனை காருக்கு நடுவுல, பழைய கொர்னேலியஸா ஆயிட்டேன்! உங்கம்மாவ அப்படியே இழுத்துக்கிட்டு ஒரே ஓட்டம். கால் தரையில படல. நான் மட்டும் இல்லாட்டி உங்கம்மா அந்த ரேஸ பாத்திருக்கவே மாட்டாங்க!"

"நிறுத்து கொர்னேலி" என்றாள் தெரசம்மாள்.

கொர்னேலியஸின் இரண்டு காதும் சுட்டன. குவளையை வைக்க மேசையில் இடம் தேடினான். இடம் இருந்தும் கிடைக்கவில்லை.

தெரசம்மாள் கையைத் துடைத்துக்கொண்டாள். அவனைப் பார்த்தாள், பிறகு மகனைப் பார்த்தாள்.

"புள்ளைகிட்ட பொய் சொல்லாத. நீ எங்கடா என்னை இழுத்த? நான்ல உன்னை இழுத்துக்கிட்டு ஓடுனேன். பாதி மேட்டுல ஒரு வண்டியப் புடிச்சுக்கிட்டு, 'பெரியம்மா, நீங்க போங்க, நான் மெதுவா வரேன்'னு நின்னது யாரு?"